வீரையன் வயலில் எண்பது வாத்து

எழுபத்திரண்டாம் வருஷம் கார்த்திகை மாதம், வயலுக்கு எண்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்துக்கொண்டிருந்த வீரையன் சேற்றிலேயே மயங்கி விழுந்தான். முகத்தில் கட்டியிருந்த துண்டு நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்காற்று வேறு. முதுகில் கட்டிய மருந்து டப்பாவோடு மல்லாந்து கிடந்தவனை நாலு பேர் சேர்ந்து தூக்கி வண்டியில் போட்டு மன்னார்குடிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. நாலாம் நாள் வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி ராஜாத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் வேணுமா, அந்த டப்பா வேணுமா?"

வீரையன் கொஞ்சம் யோசித்தான். யோசித்தது தப்பு என்று உடனே தெரிந்தது. அன்று சாயங்காலமே டப்பா, பழைய இரும்பு வாங்கும் பேரீச்சம்பழக்காரனின் தராசில் ஏறிவிட்டது.

பாமணித்தோப்பில் மிராசுதார் பஞ்சநதத்தின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், வீரையன் குத்தகைக்குச் செய்துவந்தான். குத்தகைதாரரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது முதல் ஆளாகப் போய்ப் பதிந்துகொண்டவன். அன்றிலிருந்து பஞ்சநதத்துக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான், வீரையனை வெளியேற்றுவது. மூன்று வருஷமாகக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. மருந்து அடிக்காமல் வெள்ளாமை கெட்டுக் குத்தகை நெல் அளக்க முடியாமல் போனால், கோர்ட்டுக்கு வேறு சாட்சியே தேவைப்படாது. அதனால் ராஜாத்தியின் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை.

உடம்பு தேறி வயலுக்குப் போன முதல் நாள் வீரையன் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நட்டு இருபத்தைந்து நாள் ஆன இரண்டாம் போகத் தாளடிப் பயிருக்குள் கோரையும் புல்லும் போட்டி போட்டு வளர்ந்திருந்தன. ஆனால் சனி மூலையில் மட்டும் ஒரு பாய் அளவுக்கு இடம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. அங்கே ஏழு வாத்துக் குஞ்சுகள் திரிந்தன. அந்தப் பக்கமாக மந்தை ஓட்டிப்போன வாத்துக்காரன் எண்ணத் தவறிய குஞ்சுகள். அவை பயிரைத் தொடவில்லை. முளைத்து வரும் புல்லைப் பிடுங்கின, சேற்றைக் கிளறின, கழுத்தை நீட்டித் தாளில் இருந்த பூச்சியைக் கொத்தின. காலையில் உட்கார்ந்தவன் மத்தியானம் ராஜாத்தி கஞ்சி கொண்டுவரும் வரை எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வருஷம் வயலுக்கு மருந்து கெடையாது. வாத்துதான்" என்றான்.

ராஜாத்தி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில ஊசிய மாத்திப் போட்டுட்டானுவளா?"

ஆனால் மறு வருஷம் ஆவணியில், எண்ட்ரினுக்கு என்று எடுத்துவைத்திருந்த பணத்தை முடிந்துகொண்டு திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய் எண்பது குஞ்சுகளைப் பேரம் பேசிக் கூடையில் கொண்டுவந்தவள் அவள்தான். கொல்லையில் வலை கட்டி ஒரு மாதம் வளர்த்தாள். வேளா வேளைக்கு மண்ணெண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டுவாள். டின் சத்தம் கேட்டால் நொய் வரும் என்பது எண்பது குஞ்சுக்கும் மூன்றே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. வேறு எந்தப் பாடமும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

புரட்டாசியில் சம்பா நட்டு, வேர் பிடித்த பிறகு வாத்துகளை இறக்கினார்கள். காலையில் விடுவது, சாயங்காலம் டின் தட்டி ஓட்டிவருவது. கதிர் வந்ததும் வெளியேற்றிவிட வேண்டும் என்று வீரையன் கணக்காகச் சொன்னான்.

"கதிர் வந்துட்டா வாத்துக்கும் மிராசுதாருக்கும் வித்தியாசம் இல்ல. ரெண்டும் நெல்லத்தான் பாக்கும்."

முதல் தகராறு மிராசுதாரிடமிருந்து வரவில்லை. தெற்குத் தெரு அகிலாண்டத்திடமிருந்து வந்தது.

அகிலாண்டம் பன்னிரண்டு பெண்கள் கொண்ட களைக் கூட்டத்துக்குத் தலைவி. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அந்தத் தெருவுக்குப் பொறுப்பும் அவள்தான். வழக்கம்போல முதல் களைக்கு நாள் பார்த்துக் கூட்டத்தோடு வரப்பில் வந்து நின்றாள். வீரையன் தலையைச் சொறிந்தான்.

"இந்தத் தடவை மொதக் களை இல்லக்கா."

"களை இல்லாத வயலு எங்கண்ணே இருக்கு? கைலாசத்துலயா?"

அப்போதுதான் வயலுக்குள் எண்பது தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து வேலையைத் தொடர்ந்தன.

"ஓகோ. எங்க வேலைய இதுங்க பாக்குதா? கூலி என்ன குடுக்குறீங்க?"

"கூலியெல்லாம் இல்லக்கா. நொய்யிதான்."

"எந்த ஊர்லேருந்து வந்துச்சு?"

"திருத்துறைப்பூண்டிப் பக்கம்."

அகிலாண்டம் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களாடி? வெளியூர் ஆளை, அரை வயித்துக் கஞ்சிக்கு எறக்கியிருக்காரு."

அந்த வருஷங்களில் கீழத்தஞ்சையில் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. கூலி கேட்டால் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்குவார்கள், அதற்காக அடிதடி நடக்கும், போலீஸ் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் தாசில்தார் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து, உள்ளூர் ஆளுக்கு வேலை கொடுத்த பிறகே வெளியாள் என்று ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். சங்கத் தலைவர் தியாகராசன் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். அவர் எதையும் தீரப் படிக்காமல் பேசாதவர்.

"ஒப்பந்தத்துல 'வெளியாள்'னுதான் இருக்கு. மனுஷன்னு குறிப்பா போடல" என்றார். "ஊர்வலம் போகலாம்."

ஐப்பசி மாதம் பத்தாம் தேதி ஊர்வலம். வீரையன் சின்னக் குத்தகைக்காரன், நேற்றுவரை சங்கத்தோடு நின்றவன் என்பதால் அவனைத் திட்டிக் கோஷம் போட யாருக்கும் மனமில்லை. வாத்துகளைத் திட்டுவது என்று முடிவாயிற்று. தெற்குத் தெருவில் கிளம்பி, வீரையன் வயலைத் தாண்டி, பஞ்சநதத்தின் வீட்டு வாசலில் முடிப்பதாகத் திட்டம். இந்த விஷயத்தில் பஞ்சநதத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் எந்த ஊர்வலமும் அவர் வாசலில் முடிவதுதான் பழக்கம்.

காலையிலிருந்தே தூறல். தப்பு மேளத்தின் தோல் நனைந்து தொய்ந்துபோய், அடித்தால் தலையணையைத் தட்டுவது மாதிரி சத்தம் வந்தது. யாரோ ஓடிப்போய் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்தார்கள்.

"களை பறிக்கும் வாத்தே!"

"வயலை விட்டு வெளியேறு!"

டண் டண் டண்.

"உழைப்பவர் கூலியைப் பறிக்காதே!"

டண் டண் டண்.

வீரையன் வயலைத் தாண்டும்போது எண்பது வாத்தும் வயலை விட்டு வெளியேறின. ஒரு நொடி ஊர்வலத்தில் எல்லோரும் அசந்துபோனார்கள். சங்கத்தின் சரித்திரத்தில் எந்தக் கோரிக்கையும் இவ்வளவு சீக்கிரம் நிறைவேறியது கிடையாது. பிறகு வாத்துகள் வரப்பேறி, ரோட்டுக்கு வந்து, வரிசையாக ஊர்வலத்தின் பின்னால் சேர்ந்துகொண்டன. நின்றால் நின்றன. நடந்தால் நடந்தன. கோஷத்துக்கு நடுவே விட்ட இடைவெளியில் தாங்களும் கத்தின.

"தோழர், கூட வருதுங்க" என்றாள் அகிலாண்டம்.

"திரும்பிப் பாக்காதீங்க. கோஷத்த விடாதீங்க" என்றார் தியாகராசன்.

பஞ்சநதம் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குத்தகைக்காரனும் சங்கமும் மோதிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலையிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் முப்பது பேர், பின்னால் எண்பது வாத்து.

"மங்களம், இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "வாத்தும் சங்கத்துல சேந்துடுச்சு."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, கொட்டினால் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. சங்கத்துக்காரர்கள் டின்னைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கூட்டுறவு சொசைட்டிக் கட்டடத்துக்கு ஓடினார்கள். மிராசுதார் வாசலில் எண்பது வாத்துகள் மட்டும் அசையாமல் நின்றன. டின் சத்தம் நின்றுவிட்டது, நொய் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வீட்டை ஒட்டி இருந்த பஞ்சநதத்தின் பண்ணை வயலில் இறங்கின. ஒரு வேலி, கிட்டத்தட்ட ஏழு ஏக்கர் நிலம். எண்ட்ரின் இன்னும் அடிக்கவில்லை. அவ்வளவு பூச்சியை அவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் பஞ்சநதம் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். ஏட்டு துரைராசு பேனாவை உதறிக்கொண்டு கேட்டார்.

"வாத்து என்னங்க தின்னுச்சு? பயிரா?"

"பயிரைத் தின்னல."

"பின்ன?"

"பூச்சி."

துரைராசு எழுதுவதை நிறுத்தினார். "பூச்சியத் திருடுனா கேஸ் போட செக்ஷன் இல்லீங்களே."

"அத்துமீறி நுழஞ்சதுக்கு இருக்குல்ல?"

அதற்கு வழி இருந்தது. பிறத்தியார் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கப் பஞ்சாயத்துப் பவுண்டு ஒன்று ரோட்டோரம் உண்டு. துரைராசு இன்னும் அந்த வயலிலேயே நின்ற எண்பது வாத்தையும் ஓட்டிக்கொண்டுபோய் உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, நாதாங்கி போட்டு, நோட்டில் 'வாத்து எண்பது' என்று எழுதினார். பவுண்டு காளை மாட்டுக்காகக் கட்டியது. குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி. அவர் எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது, கடைசி வாத்து கட்டைக்கு அடியில் குனிந்து வெளியேறிக்கொண்டிருந்தது. போகிற வழியில் பஞ்சநதத்தின் வயலில் கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தன.

அதன் பிறகு தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது. ராஜாத்தி வலை கட்டிப் பார்த்தாள், கம்போடு காவல் நின்று பார்த்தாள். கண் அசந்தால் மிராசுதார் வீட்டை ஒட்டிய பாதி வயலில் எண்பதும் நிற்கும். பஞ்சநதமும் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று புகார், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. வக்கீலைப் பார்த்துக் கோர்ட்டிலும் ஒரு மனு போட்டார். நெல் பயிரிடக் கொடுத்த நிலத்தைக் குத்தகைதாரர் வாத்துப் பண்ணையாக மாற்றிவிட்டார், ஆகவே குத்தகையை ரத்து செய்ய வேண்டும்.

வீரையனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "வாத்த வித்துடலாமா?" என்று ராஜாத்தியிடம் கேட்டான்.

"வித்துட்டு? மறுபடியும் டப்பாவத் தூக்கிக்கிட்டு வுழுவீங்களா? நெலம் போனா வேற நெலம் பாத்துக்கலாம். சாப்புடுங்க."

கார்த்திகை நடுவில் புகையான் வந்தது. கொசு மாதிரி இருக்கும் பூச்சி, தாளின் அடியில் கும்பலாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பச்சைப் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, தீ வைத்துப் பொசுக்கின மாதிரி ஆகிவிடும். ஊரெல்லாம் எண்ட்ரின் வாசனை. பஞ்சநதம் ரோட்டுப் பக்கத்துப் பாதி வயலுக்கு எட்டு நாளில் இரண்டு முறை ஆள் விட்டு அடித்தார். மேலே அடித்த மருந்து தாளின் அடிக்கு இறங்கவில்லை. வட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

அந்தச் சமயத்தில்தான் கோர்ட் உத்தரவோடு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மனிதர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். பஞ்சநதம் பக்கத்தில் குடை பிடித்தார். தெற்குத் தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. வீரையனின் ஆறு மாவும் கரும்பச்சையாக, கதிர் வெளிவரும் முன்னான பூட்டைப் பருவத்தில் கனத்து நின்றன.

"இது நெல்லுதானே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நெல்லுதாங்க" என்றான் வீரையன்.

"அப்ப வாத்து?"

"மொதக் களை எடுக்கும். பூச்சி தின்னும். அது போடுறதே எருவுங்க."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த வயலைப் பார்த்தார். பஞ்சநதத்தின் ஒரு வேலி. ரோட்டுப் பக்கத்துப் பாதி கருகி வட்டம் வட்டமாகக் கிடந்தது. வீட்டுப் பக்கத்துப் பாதி கண்ணைப் பறிக்கும் பச்சை.

"சார், இந்தப் பாதிக்கு மட்டும் என்ன மருந்து போட்டீங்க?"

பஞ்சநதம் குடையைச் சரிசெய்தார்.

"அதுவும் வாத்துதாங்க" என்றான் வீரையன். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. ஐயாவே எழுதிக் குடுத்திருக்காங்க. எந்தத் தேதியில எந்தப் பக்கம் மேஞ்சுதுன்னு ஸ்டேஷன்ல பதினாலு புகார் இருக்கு."

காவலுக்கு வந்திருந்த ஏட்டு துரைராசு சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார்க் கட்டை எடுத்துவந்து கொடுத்தார். 'வீட்டை ஒட்டிய மேற்குப் பாதியில்' என்று பதினாலு தாளிலும் பஞ்சநதத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் படித்தார். முடித்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. நிலத்தில் நெல்தான் நிற்கிறது, அதுவும் சுற்று வட்டாரத்திலேயே நன்றாக நிற்கிறது என்று அறிக்கை எழுதினார். மனு தள்ளுபடியாயிற்று.

இதையெல்லாம் அகிலாண்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குள் இரண்டாம் களைக்கு வீரையன் அவளைக் கூப்பிட்டிருந்தான். வாத்தால் பிடுங்க முடியாத தடித்த கோரை கொஞ்சம் மிச்சம் இருந்தது. பன்னிரண்டு பேரும் அரை நாளில் முடித்து, முழு நாள் கூலி வாங்கினார்கள். வழக்கமாக மருந்து அடித்த வயலில் இறங்கினால் ஒரு வாரத்துக்குக் கையும் காலும் எரியும். இந்தத் தடவை எரியவில்லை. அகிலாண்டம் கால்விரல் இடுக்கைக் கூட விரித்துப் பார்த்தாள்.

ஆய்வு முடிந்த மூன்றாம் நாள், பெண்கள் வேலை முடிந்து திரும்பும்போது பஞ்சநதத்தின் கருகிய பாதி வயல் பக்கம் டின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். மிராசுதார் பஞ்சநதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பில் குந்தி, ஒரு கையால் டின்னைத் தட்டிக்கொண்டு மறு கையால் நொய் இறைத்துக்கொண்டிருந்தார். வாத்துகள் வந்துகொண்டிருந்தன.

"ஐயா" என்றாள் அகிலாண்டம், "வெளியூர் ஆளை எறக்குறீங்களா?"

பஞ்சநதம் டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "சும்மா... எதோ சத்தம் வருதான்னு பாத்தேன்."

"வேணும்னா முறையா கேளுங்க. அடுத்த வருஷத்துக்கு நாங்க அனுப்புறோம்."

"நீங்களா? வாத்து வீரையனோடதுல்ல?"

"அது அவரோடது. எங்களது இனிமேத்தான் வரும்."

அந்த யோசனை அவளுக்கு அந்த நிமிஷம்தான் வந்ததா, மூன்று நாளாக மனதுக்குள் இருந்ததா என்று அவளுக்கே தெரியாது. அன்றே ராஜாத்தி வீட்டுக்குப் போனாள். ஊர்வலம் நடத்தியவள் என்ற சங்கடம் இருந்தது. ராஜாத்தி திண்ணையில் பாயை விரித்து அவளை உட்காரச் சொன்னாள். குஞ்சு வாங்கும்போது தொப்புளைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஈரத்தில் படுக்கவைக்கக் கூடாது என்று தொடங்கி விளக்கு வைக்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சங்கக் கூட்டத்தில்தான் சிக்கல் வந்தது. "வாத்து வச்சிருக்கிறவங்க முதலாளியா, தொழிலாளியா?" என்று கேட்டார் தியாகராசன். "வாத்து உழைக்குது. நாம வாடகை வாங்குறோம். இது சுரண்டலா இல்லையான்னு தீர்மானிக்கணும்."

"தோழர், அதுங்க கஷ்டப்பட்டா ஊர்வலம் போகும். போகத் தெரியும்னு பாத்தோம்ல?" என்றாள் அகிலாண்டம்.

தியாகராசன் விளக்கம் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அதற்குள் ஆவணி வந்துவிட்டது. பன்னிரண்டு வீட்டுக் கொல்லையிலும் ஆளுக்குப் பதினைந்து குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. வாத்து இறங்கும் வயலுக்கு முதல் களைக்கு உண்டான கூலி அப்படியே தர வேண்டும், மிச்சக் களையை அதே பெண்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும், வாத்து நிற்கும் வரை எண்ட்ரின் உள்ளே வரக்கூடாது. இந்த மூன்றுக்கும் தலையாட்டியவர்களுக்கு மட்டும் வாத்து என்று தெற்குத் தெரு சொல்லிவிட்டது. தலையாட்டியவர்களில் முதல் ஆள் பஞ்சநதம். வீரையன் மேல் போட்ட பழைய கேஸை மட்டும் அவர் வாபஸ் வாங்கவில்லை. அது வேறு, இது வேறு என்றார்.

புரட்டாசி கடைசியில், நல்ல வெயில் அடித்த ஒரு காலை, பன்னிரண்டு பெண்களும் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து அவர் வயலில் இறக்கினார்கள். பஞ்சநதம் வரப்பில் நின்று எண்ணத் தொடங்கினார். நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை. எண்ணிய வாத்தும் எண்ணாத வாத்தும் இடம் மாறிக்கொண்டே இருந்தன.

"நூத்தி எண்பதுன்னு சொன்னீங்க. கொறையுற மாதிரி இருக்கே?"

"நம்பிக்கை இல்லன்னா எறங்கி எண்ணிக்குங்க, ஐயா."

அவர் இறங்கினார். பத்து அடி வைப்பதற்குள் முழங்கால் வரை சேற்றில் புதைந்தார். இந்தக் காலை எடுத்தால் அந்தக் கால் இறங்கியது. வாத்துகள் அவரைச் சுற்றிக் கூடி, வேட்டியில் ஏறியிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கொத்தின. நாலு பெண்கள் இறங்கி, இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் கக்கத்தையும் பிடித்து இழுத்துப் பஞ்சநதத்தைக் கரை சேர்த்தார்கள். ஒரு செருப்பு வரவில்லை.

"சரி சரி" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "நூத்தி எண்பதுன்னே வச்சுக்குவோம்."

பக்கத்து வயல் வரப்பில் வீரையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ராஜாத்தி அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"சத்தமா சிரிக்காதீங்க. அதுக்கும் ஒரு கேஸ் போட்டுடுவாரு."